நூற்றுப் பதினேழாம் ஆணி

டாண்டினாங், மெல்பேர்ண்
14 ஆகஸ்ட் 2024

தம்பி முரளிதரன் அறிய,

உம்மை வாட்ஸ்அப்பில் தடுத்துவிட்டேன். கம்பனி மின்னஞ்சலில் எழுதினால் ஜெர்மனியில் ஏதாவதொரு இயந்திரம் அதை மொழிபெயர்த்து, தலைமையகத்துப் பெரியவர்களுக்குக் காலைக் கோப்பியோடு வாசித்துக் காட்டும். ஆகவே தாள், உறை, முத்திரை. கையெழுத்துக் கோணலாக இருந்தால் என் விரல் மூட்டுகளைக் கேளும். பதினெட்டு வருடம் உங்கள் லொறிகளுக்கு வயர் கட்டிய மூட்டுகள் அவை.

நேற்றுப் பின்னேரம் நான்காம் உற்பத்தி வரிசைப் பெண்கள் இருபத்துமூன்று பேரையும் சாப்பாட்டு அறையில் கூட்டிவைத்துத் திரையில் உமது முகத்தைக் காட்டினார்கள். உமக்குப் பின்னால் ஒரு பச்சைச் செடி. சிட்னி அலுவலகத்துக்குப் போனதும் உமக்கு முதலில் முளைத்தது அதுதான் போலும். ஜெர்மனியில் 2030 வரை ஒருவரையும் வீட்டுக்கு அனுப்புவதில்லை என்று அங்கத்தைய சங்கம் ஒப்பந்தம் போட்டுவிட்டது, ஆகவே சிக்கனத்தை வெளியில்தான் தேட வேண்டும், அடுத்த ஜூனுக்குள் எங்கள் வரிசை சென்னைக்குப் பக்கத்தில் ஒரகடத்துக்குப் போகிறது என்றீர். ‘வெளியில்’ என்று சொல்லும்போது கையை எங்கள் பக்கம் காட்டினீர். நான் சங்கப் பிரதிநிதி, கையையெல்லாம் கவனிப்பேன்.

இந்தத் தொழிற்சாலையில் ஏழு வருடம் தரப் பொறியியலாளராக இருந்தீர். ஏழு வருடமும் மத்தியானம் என் புட்டைத்தான் தின்றீர். அதற்கு நான் கணக்குக் கேட்கவில்லை. ஆனால் மேய்ஸ் ஹில் முருகன் கோயிலில் உம்மை என் மச்சாள் கண்டவள். புதுக் கார் ஒன்றின் சில்லுகளுக்கு எலுமிச்சம்பழம் வைத்துக்கொண்டு நின்றீராம். சீனக்காரன் செய்த மின்சாரக் காராம். ஜெர்மன் கம்பனி ஏன் நொடித்தது என்று நேற்று முக்கால் மணித்தியாலம் விளக்கினீரே, அந்தக் காரைத் திரையில் காட்டியிருந்தால் ஒரு நிமிடத்தில் எங்களுக்கு விளங்கியிருக்கும்.

நாங்கள் வயர் கட்டும் ஆணிப் பலகைகளைப் படமெடுக்க ஆள் அனுப்புவதாகச் சொன்னீர். அனுப்பும். தேத்தண்ணி கிடைக்காது.

சிவசோதி

*

வெண்ட்வொர்த்வில், சிட்னி
29 ஆகஸ்ட் 2024

சோதி அக்காவுக்கு,

உறையில் என் பெயருக்கு முன்னால் ‘உயர்திரு’ என்று எழுதி அதை அடித்திருந்தீர்கள். மனைவி கிரிஜா பார்த்துச் சிரித்தாள். நான் சிரிக்கவில்லை. கார் அவளுடையது, அவள் சம்பளத்தில் வாங்கியது. உங்கள் மச்சாளிடம் சொல்லிவிடுங்கள். செடி பிளாஸ்டிக்.

நான்காம் வரிசை எங்கிருந்து வந்தது என்று ஞாபகமிருக்கிறதா? 2011-இல் ஜெர்மனியிலிருந்து வந்தது. வலது பக்கம் ஸ்டீயரிங் உள்ள லாரிகளுக்கான வயர்க்கட்டை அங்கே நாற்பது பேர் செய்துகொண்டிருந்தார்கள். இங்கே ஆள் செலவு குறைவு, லாரியும் இங்கேயே தயாரிக்கிறார்கள் என்று கணக்குப் போட்டு அனுப்பினார்கள். அந்த நாற்பது பேர் என்ன ஆனார்கள் என்று யாராவது கேட்டீர்களா? பெட்டிகள் வந்து இறங்கிய அன்றைக்கு நீங்கள் பெரிய பாத்திரம் நிறையப் பாயசம் கொண்டுவந்தீர்கள் என்று, நான் சேர்ந்த பிறகும் இரண்டு வருஷம் பேசிக்கொண்டிருந்தார்கள். முந்திரி தாராளமாகப் போட்டிருந்தீர்களாம்.

ஜெர்மனியில் ஒருவருக்கு ஒரு மணி நேரத்துக்குக் கொடுப்பதில் ஒரகடத்தில் ஒருவர் மூன்று நாளுக்கு மேல் வேலை செய்கிறார். இந்தக் கணக்கை நான் எழுதவில்லை. நான் செய்யாவிட்டால் இன்னொருவர் செய்வார், அவர் உங்களுக்குப் பதில் கடிதம்கூடப் போட மாட்டார்.

இப்போது வேலை விஷயம். 117-ஆம் ஆணி. நான் விவரிக்கத் தேவையில்லை. படமெடுத்துவிட்டு வந்தார்கள், படத்தில் அந்த ஆணி வரைபடத்தில் உள்ளபடியே நிற்கிறது. உங்கள் குறும்பு எனக்குத் தெரியாததல்ல. ஒரு சின்னத் தாள் இத்துடன் வைத்திருக்கிறேன். ‘வேலை வசதிக்காக, மேலிடத்துக்குத் தெரிவிக்காமல், நானாகவே ஆணியை நகர்த்தினேன்’ என்று இரண்டே வரி. கையெழுத்துப் போட்டு அனுப்பினால் அதை வைத்து வரைபடத்தைத் திருத்திவிடலாம். பெரிதாக ஒன்றும் ஆகாமல் நான் பார்த்துக்கொள்கிறேன்.

முரளி

*

டாண்டினாங்
10 செப்டம்பர் 2024

தம்பி,

உமது சின்னத் தாளைக் குளிர்சாதனப் பெட்டியில் காந்தம் வைத்து ஒட்டியிருக்கிறேன். வருகிற போகிற சனத்துக்குக் காட்டுகிறேன். ‘நானாகவே’ என்ற சொல்லில் எல்லோருக்கும் நல்ல சிரிப்பு.

செடியோடு இருப்பவர்களுக்கு மறதி வரும். ஞாபகப்படுத்துகிறேன். பலகையில் இருநூற்றுப் பன்னிரண்டு ஆணிகள். வரைபடம் சொல்லும் வழியில் ஆணிகளுக்கிடையே வயரை ஓட்டி, துணிநாடா சுற்றிக் கட்டினால் அது லொறியின் நரம்பு. ஜெர்மனியில் ஒரு மேதை இடது பக்க லொறியின் வரைபடத்தைக் கண்ணாடியில் பார்ப்பதுபோல் திருப்பிப் போட்டு, வலது பக்க லொறிக்கு இதுதான் என்று அனுப்பிவிட்டான். பிரேக் மிதிக்கு மேலே கட்டு நாலு விரல் குறைகிறது. வயர் விறைத்து நின்று அங்கேயுள்ள இரும்பு விளிம்பில் உரசும். வருடக்கணக்கில் உரசினால் தோல் கிழியும், பிறகு புகை வரும். 2013-இல் இதைக் கண்டுபிடித்தது நான். உம்மைக் கூப்பிட்டுக் காட்டினேன்.

நீர் என்ன சொன்னீர்? கையில் என் புட்டு. வாயிலும் என் புட்டு. “அக்கா, வரைபடத்த மாத்தணும்னா ஜெர்மனியில ஏழு கையெழுத்து. ஒரு வருஷம் இழுப்பான். வரிசைய நிறுத்திடுவான். நீங்க பேசாம ஆணிய நகர்த்திடுங்க, நான் பாத்துக்கறேன்.” அன்றைக்கும் பார்த்துக்கொள்கிறேன் என்றீர், இன்றைக்கும் அதே சொல். நான் நகர்த்தினேன், கட்டும் நாலு விரல் நீண்டது. நீர் ஒவ்வொரு வருடமும் பலகைச் சோதனைத் தாளில் ‘வரைபடப்படியே உள்ளது’ என்று ஒப்பமிட்டீர். ஏழு வருடம், ஏழு பொய். அந்த ஏழு கையெழுத்துக்கு இந்த ஏழு கையெழுத்துச் சரியாகிவிட்டது.

நான் இந்தத் தாளில் ஒப்பமிட்டால் என்ன நடக்குமென்று எனக்குத் தெரியாதா? அனுமதியில்லாமல் வேலையை மாற்றினவள் என்று இழப்பீடு ஒரு சதமும் இல்லாமல் வெளியே போடுவார்கள். நீர் செடிக்குத் தண்ணி ஊற்றிக்கொண்டிருப்பீர். பிளாஸ்டிக் செடிக்கும் ஊற்றக்கூடிய ஆள் நீர்.

நான் ஒப்பமிட மாட்டேன். வாயும் திறக்க மாட்டேன். கம்பனிக்காரர் யார் வந்தாலும் அந்த ஆணி வரைபடத்துக்குப் போய்விடும், அவர்கள் போனதும் திரும்பி வந்துவிடும். நல்லாய் வளர்த்த ஆணி. ஒரகடத்தார் வரைபடத்தைப் பார்த்துச் செய்யட்டும், கட்டு லொறிக்குள் பொருந்தாமல் நிற்கட்டும். அது பொருந்தாதவரைக்கும் எங்கள் இருபத்துமூன்று பேருக்கும் வேலை இருக்கிறது.

சிவசோதி

*

சிட்னி
23 செப்டம்பர் 2024

திருமதி சிவசோதி அவர்களுக்கு,

புட்டைப் பற்றி இனி எழுத வேண்டாம். ஏழு வருஷமும் அது உதிர்ந்துகொண்டே இருந்தது, நான் மரியாதைக்காகச் சாப்பிட்டேன்.

நீங்கள் எனக்கு வைத்த பொறியில் உங்கள் காலும் இருக்கிறது. நான் பேசினால் நீங்கள் போவீர்கள். நீங்கள் பேசினால் நான் போவேன், கூடவே நீங்களும். எனக்கு வீட்டுக் கடன் இன்னும் இருபத்திரண்டு வருஷம். மகள் தேஜஸ்வினி பன்னிரண்டாம் வகுப்பு. ஆகவே நான் எதற்கும் துணிவேன் என்பதைத் தெரிந்துகொள்ளுங்கள்.

அக்டோபர் 14 முதல் பத்து நாள் ஒரகடத்திலிருந்து நாகலட்சுமி என்பவர் வருகிறார். அங்கே வரிசைத் தலைவி. உங்கள் பலகைக்கு எதிரில் நின்று பார்ப்பார். சட்டப்படி நீங்கள் அவரைத் தடுக்க முடியாது.

முரளிதரன்

*

டாண்டினாங்
3 நவம்பர் 2024

முரளிதரன் அவர்களுக்கு,

புட்டைப் பற்றிச் சொன்னதை மன்னிக்க மாட்டேன். மற்றதையெல்லாம் ஒருவேளை.

உமது நாகலட்சுமி வந்து போனாள். முப்பத்தெட்டு வயதாம், மெலிந்த ஆள், மெல்பேர்ண் குளிருக்கு இரண்டு சுவெட்டர் போட்டும் நடுங்கினாள். அவளோடு ஒருவரும் கதைப்பதில்லை என்று நாங்கள் முடிவெடுத்திருந்தோம். நான்தான் முன்மொழிந்தேன். பத்து நாளும் அவள் சாப்பாட்டு அறையில் தனி மேசையில் இருந்தாள். நான் முதுகைக் காட்டிக்கொண்டு இருந்தேன். என் முதுகு எவ்வளவு பெரியது என்று உமக்குத் தெரியும், அவளுக்கு வெளிச்சமே பட்டிருக்காது.

மூன்றாம் நாள் பலகைக்குப் பக்கத்தில் என் உயரமான கதிரையைத் தொட்டுப் பார்த்துக் கேட்டாள். “அக்கா, இதுல உக்காந்தே வேலை செய்வீங்களா?”

“ஓம். முதுகு நோகுமெல்லே.”

“எங்களுக்கு அங்க நின்னுக்கிட்டேதான். எட்டு மணி நேரம். கர்ப்பமா இருந்தா மட்டும் ஸ்டூல் குடுப்பாங்க. அதுவும் ஒப்பந்தத்துல இருக்கறவங்களுக்குக் கிடையாது.”

அவள் பன்னிரண்டு வருடமாக ஒப்பந்தமாம். ஆறு மாதத்துக்கு ஒருமுறை கையெழுத்து. எனக்குத் தெரியாமல்போன விடயம். இந்தப் பன்னிரண்டு வருடக் கதை உமக்கு ஏற்கெனவே தெரிந்திருக்கும்.

ஆனால் கேளும், அவளுக்குக் கண் இருக்கிறது. கடைசி நாள் பலகையைத் தடவிக்கொண்டு வந்தவள் சரியாக 117-இல் நின்றாள்.

“அக்கா, இந்த ஆணிக்கு மட்டும் ரெண்டு ஓட்டை இருக்குதே, ஏன்க்கா? இந்தப் பக்க ஓட்டைதான் நல்லாத் தேஞ்சிருக்கு.”

இருபத்துமூன்று பேரும் கையை நிறுத்திவிட்டார்கள். நான் சொன்னேன். “பழைய பலகை, பிள்ளை. நீர் வரைபடத்தைப் பார்த்துச் செய்யும்.”

அவள் தலையாட்டிவிட்டுக் கொப்பியில் எழுதிக்கொண்டாள். அன்று பின்னேரம் எங்கள் வரிசைச் சுலக்சனா என் தோளில் தட்டி, “அன்ரி, சூப்பர்!” என்றாள். நானும் சிரித்தேன்.

வெற்றி எனக்கு. அதைச் சொல்லத்தான் எழுதினேன்.

சிவசோதி

*

சிட்னி
6 பிப்ரவரி 2025

சோதி அக்காவுக்கு,

உங்கள் ஆசை நிறைவேறிவிட்டது.

ஒரகடத்தில் செய்த முதல் நூறு கட்டும் தோல்வி. சோதனை லாரியில் பொருத்தி ஓட்டிப் பார்த்தார்கள். மூன்றாம் வாரத்திலேயே பிரேக் மிதிக்கு மேலே வயரின் தோல் தேய்ந்துபோயிருந்தது. ஜெர்மனியிலிருந்து இரண்டு பேர், நான், ஒரகடம் ஆட்கள் எல்லாரும் காணொளியில் விசாரணை நடத்தினோம். நாகலட்சுமியைக் கேட்டார்கள். வரைபடப்படியேதான் கட்டினேன், ஆனால் மெல்பேர்ன் பலகையில் 117-க்கு இரண்டு ஓட்டை பார்த்தேன் சார், அதைக் கேளுங்கள் என்றார். எல்லாரும் என்னைப் பார்த்தார்கள்.

பழைய பலகை என்று சொன்னேன்.

கைத்தவறு என்று முடிவெழுதினார்கள். அவருடைய ஒப்பந்தத்தைப் புதுப்பிக்கவில்லை. வேறு வழியில்லை. நான்காம் வரிசை மாற்றத்தை 2026 கடைசிவரைக்கும் தள்ளிப்போட்டுவிட்டார்கள். இது இன்னும் வெளியே சொல்லப்படவில்லை, உங்களுக்கு மட்டும் சொல்கிறேன். உங்களுக்கு வேலை இருக்கிறது. எனக்கும் இருக்கிறது. இனி நாம் இருவரும் வாயை மூடிக்கொண்டிருந்தால் எல்லாருக்கும் நல்லது. நான் சண்டையை விட்டுவிட்டேன். நீங்களும் விடுங்கள்.

அந்தத் தாளைக் குளிர்பெட்டியிலிருந்து எடுத்துக் கிழித்துவிடுங்கள்.

முரளி

*

டாண்டினாங்
20 பிப்ரவரி 2025

முரளி,

உமது கடிதம் வந்த அன்று நான்காம் வரிசைக்கு விடயத்தைச் சொன்னேன். இன்னும் இரண்டு வருடம் என்றதும் கத்தினார்கள், கட்டிப்பிடித்தார்கள். கிளென் வேவர்லியில் மகனின் பள்ளிக்கூடத்துக்காக இயலாத விலைக்கு வீடு வாங்கிய சுலக்சனா நிலத்தில் குந்தியிருந்து அழுதாள். என்னைத் தூக்க நாலு பேர் முயற்சி செய்தார்கள். ஆறு பேர் தேவை. விட்டுவிட்டார்கள்.

எட்டு நாள் நன்றாகத்தான் இருந்தேன். நான் நல்லவள் என்று எங்கேயும் எழுதிவைக்க வேண்டாம். உமக்குக் கெடுதல் செய்கிறேன் என்ற சந்தோசத்தில் ஆறு மாதம் நல்ல நித்திரை கொண்டவள் நான். நீர் வேலையிழந்தால் மேய்ஸ் ஹில்லில் மச்சாளைக் கொண்டு தேங்காய் உடைப்பிக்கலாம் என்றுகூட இருந்தேன்.

ஆனால் ஒன்று. நீரும் நானும் இந்த ஆறு மாதத்தில் ஒரு சொல்லில்கூட ஒத்துப்போனதில்லை. அவளிடம் மட்டும் இரண்டு பேரும் சொல்லிவைத்தது மாதிரி ஒரே வசனத்தைச் சொல்லியிருக்கிறோம். கேட்டுக் கேட்டு வேலை செய்யத் தெரிந்த ஒரே ஆளை, கண்டது சரி என்பதற்காக வெளியே போட்டிருக்கிறோம். அதுவும் என் முகத்தைப் பார்த்து அவள் கேட்ட பிறகு.

நேற்று ஜெர்மனித் தலைமையகத்துக்கும் அங்கத்தையத் தொழிலாளர் சபைக்கும் கடிதம் போட்டேன். ஆணி எங்கே நின்றது, எப்போது நகர்ந்தது, நாடா எத்தனை சுற்று, ஆள் வந்தபோது எப்படி ஒளித்தேன், நாகலட்சுமியிடம் என்ன பொய் சொன்னேன் எல்லாம் எழுதினேன். உமது ஏழு ஒப்பத்தையும் திகதியோடு எழுதினேன். உமது பெயரை எழுத்துப்பிழையில்லாமல் எழுத இரண்டு முறை சரிபார்த்தேன். பிரதி இத்துடன்.

சிவசோதி

*

சிட்னி
2 ஏப்ரல் 2025

சிவசோதிக்கு,

ஒன்பது நாள். உங்கள் கடிதம் போய்ச் சேர்ந்து ஒன்பதே நாளில் வரைபடத்தைத் திருத்திவிட்டார்கள். ஏழு கையெழுத்தெல்லாம் இல்லை, இரண்டுதான். பன்னிரண்டு வருஷம் நாம் எதற்குப் பயந்தோமோ அது ஒரு மத்தியான வேலை.

வெள்ளிக்கிழமை என்னைக் கூப்பிட்டு நீங்களாகவே விலகிக்கொள்ளுங்கள் என்றார்கள். அடையாள அட்டையை வாங்கிக்கொண்டு கதவுவரை ஒருவர் கூடவே வந்தார். தேஜஸ்வினிக்கு இன்னும் சொல்லவில்லை. தினமும் காலையில் கிளம்பிப் போய்ப் பரமட்டா நூலகத்தில் உட்கார்ந்திருக்கிறேன்.

நான்காம் வரிசை ஜூன் 30-இல் மூடுகிறது. தள்ளிப்போட்டது ரத்து. உங்களுக்கு இழப்பீடு கிடையாது என்று கடிதம் வந்திருக்கும். அந்த இருபத்திரண்டு பேரையும் உங்கள் கையாலேயே வெளியே தள்ளியிருக்கிறீர்கள், நான் அல்ல. திரையில் என் கை எந்தப் பக்கம் போனது என்று கவனித்த சங்கப் பிரதிநிதி நீங்கள். இப்போது உங்கள் கை எந்தப் பக்கம் போனது?

திருப்திதானே?

முரளிதரன்

*

டாண்டினாங்
17 ஏப்ரல் 2025

முரளி,

இல்லை.

இழப்பீடு இல்லையென்ற கடிதம் வந்த அடுத்த நாளே என்னை வெளியே போட்டார்கள். சங்கம் வழக்குப் போடுகிறது, வரும்போது பார்ப்போம். சாமான்களை எடுக்கப் போனபோது நான்காம் வரிசையில் ஒருவரும் நிமிர்ந்து பார்க்கவில்லை. என் பெரிய முதுகு இருந்தும் ஒளிக்க இடமில்லை. வாசலில் சுலக்சனா மட்டும் வந்தாள்.

“அன்ரி, நீங்கள் நல்லவவா இருக்கிறதுக்கு நாங்களெல்லே காசு கட்டுறம்.”

நான் சாமான் பெட்டியைத் தூக்கிக்கொண்டு பஸ்ஸுக்கு நடந்தேன். கை எந்தப் பக்கம் போனது என்ற உமது கேள்விக்கும் அவள் சொன்னதுதான் பதில்.

உம்மில் எனக்கு இரக்கம் இல்லை. நூலகத்தில் இருப்பதைப் பிள்ளைக்குச் சொல்லும். ஏழு வருடம் ஒப்பமிட்டதை ஒளித்தது போதும்.

நேற்று நாகலட்சுமி தொலைபேசியில் வந்தாள். இலக்கத்தை எங்கே பிடித்தாளோ தெரியாது. திரும்ப வேலைக்கு எடுத்துவிட்டார்கள். ஒப்பந்தம்தான், ஆறு மாதம். நின்றுகொண்டுதான். புதுப் பலகையில் 117-க்கு ஒரே ஓட்டை என்றாள். நான் அழுது மன்னிப்புக் கேட்கலாம் என்று ஆயத்தமாகி, மூக்குச் சிந்தத் துணியும் எடுத்துவைத்திருந்தேன். அவள் நன்றியும் சொல்லவில்லை, திட்டவுமில்லை. அவளுக்கு நேரமில்லை, தேநீர் இடைவேளை பத்து நிமிடமாம்.

ஒன்றே ஒன்று கேட்டாள்.

“அக்கா, உங்களுக்கு வெவரம் தெரியும். இந்த வேலை ஜெர்மனியிலேர்ந்து உங்க ஊருக்கு வந்துச்சு, உங்க ஊர்லேர்ந்து இங்க வந்துச்சு. இங்கேர்ந்து எங்க போகும்? எப்பன்னு தெரிஞ்சா பொண்ணுக்குக் காலேஜ் சீட்டு வாங்கலாமா வேணாமான்னு முடிவு பண்ணிக்குவேன்.”

எனக்குத் தெரியாது என்றேன். அது பொய்யில்லை. ஆனால் நீர் ஐந்து வருடத் திட்டங்கள் எல்லாவற்றையும் பார்த்தவர். அடையாள அட்டையைத்தான் வாங்கினார்கள், ஞாபகத்தை வாங்கவில்லை. அடுத்த ஊரின் பெயரையும் வருடத்தையும் எழுதும். எனக்கு எழுத வேண்டாம், உமக்குப் பிடிக்காது. அவளுக்கு எழுதும். விலாசம் உறையின் பின்பக்கம் இருக்கிறது.

சிவசோதி